சுவரும் தாயும்

உடன்பிறந்தார் பகையே மனித குலத்தின் முதற்பகை. மண்ணில் சிந்திய முதல் இரத்தம், ஒரே தாய் வயிற்றில் கிடந்தவன் கையாலேயே சிந்தியது. திருமறையின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதா, ஆதமுடைய மக்கள் இருவரின் செய்தியை உள்ளபடி ஓதிக் காட்டுமாறு நபிபெருமானாருக்கு (ஸல்) ஆணையிடுகிறது. ஆங்கு அவ்விருவர் பெயரும் கூறப்படவில்லை. ஹாபீல், காபீல் என்னும் பெயர்களை விரிவுரைகளின் வாயிலாகவே நாம் அறிகிறோம். பெயரை விடுத்ததிலும் ஒரு பொருள் உண்டென்றே கருதுகிறேன். எந்த ஊரில், எந்த வீட்டில் சகோதரர் இருவர் பகைத்து நிற்பினும், அவர்தம் பெயரை அவ்விடத்தில் வைத்து அச்செய்தியை ஓதிக்கொள்ளலாம்.

இக்கட்டுரைக்குப் பொருளாவது ஒரு திரைப்படம். இலக்கியத் திங்களிதழில் திரைப்படத்துக்கு என்ன வேலை என்று வினவுவார் உளர். திரைப்படம் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆய்வது இங்கு என் நோக்கமன்று. சீறாப்புராணத்தில் ஒரு படலத்தின் பெயரும் அறியாத இளைஞர்கள், இப்படத்தின் உரையாடலை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். நம் மக்களின் நாவில் ஏறி, அவர்கள் நீதி அநீதிகளை நிறுக்கும் படிக்கல்லாகிவிட்ட ஒரு கதையை, அது திரையில் தோன்றியது என்பதற்காக மட்டும் புறந்தள்ளுதல் அறிவுடைமையாகாது. யூசுஃப் நபியின் (அலை) வரலாற்றைக் கூறப் புகுமிடத்து, வரலாறுகளிலெல்லாம் அழகியதாகத் திருமறை அதனை அறிமுகம் செய்கிறது. அதுவும் உடன்பிறந்தார் பகையைப் பற்றிய கதையே என்பது நினைவிலிருத்தற்குரியது.

கதையும் அதன் கால்வழியும்

1975ஆம் ஆண்டு வெளிவந்த ‘தீவார்’ என்னும் இந்திப் படமே நாம் கருதுவது. தீவார் என்பது பாரசீகச் சொல். சுவர் என்பது பொருள். யஷ் சோப்ரா இயக்கிய இப்படத்தின் கதையையும் உரையாடலையும் சலீம் கான், ஜாவேத் அக்தர் என்னும் இருவர் கூடி எழுதினர். மூத்தவன் விஜயாக அமிதாப் பச்சனும், இளையவன் ரவியாக சசி கபூரும், தாயாக நிருபா ராயும் நடித்தனர். இதே கதை 1981இல் ‘தீ’ என்னும் பெயரில் தமிழில் வந்தது. அதில் ரஜினிகாந்த் மூத்தவர்; சுமன் இளையவர்; சௌகார் ஜானகி தாய். பெயர் மாறியபோது பொருளும் சற்றே மாறியது. தீ ஒருவன் நெஞ்சுக்குள் எரிவது. சுவர் இருவருக்கு இடையே எழுவது. ஆகவே மூலப் பெயரையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இக்கதைக்கு ஒரு கால்வழி உண்டு. 1957இல் மெஹபூப் கான் அளித்த ‘மதர் இந்தியா’வில், நெறி தவறிய இளைய மகனைப் பெற்ற தாயே சுட்டு வீழ்த்துகிறாள். 1961இல் நிதின் போஸ் இயக்கத்தில் வந்த ‘கங்கா ஜமுனா’வில், கொள்ளையனாகிவிட்ட அண்ணனைக் காவல் அதிகாரியான தம்பி சுடுகிறான். அப்படத்தைத் தயாரித்து அண்ணனாக நடித்தவர் திலீப் குமார்; அவரது இயற்பெயர் யூசுஃப் கான். தம்பியாக நடித்த நாசிர் கான் அவருடன் பிறந்தவர். அக்கதை 1971இல் சிவாஜி கணேசன் நடிக்க ‘இரு துருவம்’ என்று தமிழுக்கு வந்தது. இவ்விரண்டு இந்திப் படங்களிலிருந்தும் தாம் ஊக்கம் பெற்றதைத் ‘தீவார்’ ஆசிரியர்களே ஒப்புக்கொண்டிருக்கின்றனர். முதற்கதையில் துப்பாக்கி தாயின் கையில் இருந்தது. இரண்டாவதில் தம்பியின் கைக்கு வந்தது. மூன்றாவதிலோ, தாய் அதனைத் தன் கையாலேயே எடுத்துத் தம்பியிடம் கொடுக்கிறாள். சுடுகையில் அவன் கை நடுங்காதிருக்கட்டும் என்றும் வேண்டுகிறாள். இந்த வளர்ச்சியை மனத்திற்கொண்டு கதைக்குள் நுழைவோம்.

கையில் எழுதிய பழி

தந்தை சுரங்கத் தொழிலாளர் தலைவர். மனைவி மக்களின் உயிருக்கு ஆபத்து என்று முதலாளி தரப்பினர் மிரட்டவே, போராட்டத்தைக் கைவிட்டுக் கையொப்பமிடுகிறார். காரணம் அறியாத தொழிலாளர் அவரைத் துரோகி எனத் தூற்ற, அவமானம் பொறாமல் ஊரைவிட்டே மறைந்துபோகிறார். சினங்கொண்ட சிலர் மூத்த சிறுவனைப் பிடித்து, அவன் தந்தை திருடன் என்று கையில் பச்சை குத்திவிடுகின்றனர். பிள்ளைகளோடு பம்பாய்க்கு வந்த தாய், பாலத்தடியில் குடியிருந்து செங்கல் சுமக்கிறாள். மூத்தவன் தெருவில் காலணி துடைக்கிறான். இருவர் உழைப்பிலும் இளையவன் பள்ளிக்குப் போகிறான். வளர்ந்தபின் மூத்தவன் துறைமுகக் கூலியாகிப் பின்பு கடத்தற்காரர் கூட்டத்தில் உயர்கிறான். இளையவன் காவல்துறை அதிகாரியாகிறான்.

ஒருவன் சுமையில் எழுத்து இருக்கிறது. மற்றவன் கையில் எழுத்து இல்லை. இருவர் இயல்பும் வேறுபட்டதற்கு இவ்வொன்றே போதுமானது. ஓர் ஆத்மாவின் பாவச் சுமையை மற்றோர் ஆத்மா சுமக்காது என்பது திருமறை பல இடங்களில் வலியுறுத்தும் அடிப்படை நீதி. அந்நீதிக்கு நேர்மாறான செயல் ஒரு குழந்தையின் கையில் ஊசியால் எழுதப்படுகிறது. மகனுக்குரியதல்லாத பாவத்தை ஊர் மகன்மேல் ஏற்றியது. இப்படத்தின் முதற்குற்றம் இது. இதைச் செய்தவர்களுக்குக் கதை முடியும்வரை தண்டனை இல்லை.

பின்னாளில் தம்பி ஒரு தாளை நீட்டி, குற்றங்களை ஒப்புக்கொண்டு கையொப்பமிடுமாறு அண்ணனைக் கேட்கிறான். தன் கையில் எழுதியவனிடமும், தாயை அவமதித்தவனிடமும், தந்தையிடம் கையொப்பம் வாங்கியவனிடமும் முதலில் கையொப்பம் பெற்று வா என்கிறான் அண்ணன். பிறர் பாவத்தை எண்ணிக் காட்டுவதால் உன் பாவம் குறையாது என்பது தம்பியின் மறுமொழி. நீதியின்படி இம்மறுமொழி சரியே. எந்தக் கோட்பாடு அண்ணனைப் பழியிலிருந்து விடுவித்ததோ, அதே கோட்பாடு அவன் செய்த பாவத்தை அவன் தலையிலேயே வைக்கிறது. சலீம் – ஜாவேத் ஆகியோரின் ஆற்றல் இங்கே விளங்குகிறது. இருவரில் எவனுடைய வாதத்தையும் அவர்கள் பொய்யாக்கவில்லை. ஆனால் சரியான சொல்லைச் சொல்வது வேறு. அதைச் சகோதரனிடம் சொல்லும் முறை வேறு. தாளை நீட்டிய தம்பி, அந்த எழுத்தின்மேல் ஒருமுறை தன் கையை வைத்திருந்தால்!

ஆசிரியர் வீட்டுத் தீர்ப்பு

அண்ணனைப் பிடிக்கும் பொறுப்பை ஏற்கத் தம்பி முதலில் தயங்குகிறான். அவன் தயக்கத்தை நீக்குவது ஒரு ரொட்டி. திருடி ஓடும் ஒருவனைக் காலில் சுடுகிறான். கிட்டப் போய்ப் பார்த்தால் அவன் சிறுவன், திருடியது உணவு. வருந்திய அதிகாரி உணவுப் பொட்டலத்தோடு அச்சிறுவன் வீட்டுக்குச் செல்கிறான். சிறுவனின் தந்தை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தாய் அதிகாரியை ஏசுகிறாள். ஆசிரியரோ, இலட்சம் திருடினாலும் ரொட்டி திருடினாலும் திருட்டு திருட்டே என்று அதிகாரி செய்ததைச் சரியென்கிறார். ஏ.கே. ஹங்கல் அக்காட்சியில் சில நிமிடங்களே தோன்றுகிறார். மறக்க முடியாதபடி நடித்திருக்கிறார். அவர் வாய்ச்சொல்லே தம்பியை அண்ணன்மேல் ஏவுகிறது. ஆகவே கதையின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது.

நானும் ஆசிரியன். அவ்வாசிரியரின் நேர்மையை வணங்குகிறேன். அவர் தீர்ப்பை ஏற்க இயலவில்லை. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் அரபு நாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. சாம்பல் ஆண்டு என்று வரலாற்றாசிரியர் அதற்குப் பெயரிட்டனர். அவ்வாண்டில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்தார்கள் என்பது பிக்ஹு நூல் கற்ற மாணவர் அனைவரும் அறிந்தது. மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒருவருடைய அடிமைகள் பிறர் ஒட்டகத்தைத் திருடி அறுத்து உண்டனர். எசமானர் அவர்களைப் பட்டினி போட்டதே காரணம் என்று கண்ட உமர் (ரலி), ஒட்டகத்தின் விலையைப்போல் இருமடங்கை அவ்வெசமானர் மேல் சுமத்தினார்கள். இமாம் மாலிக் அவர்களின் முவத்தா இதனைப் பதிவு செய்திருக்கிறது. சட்டத்தை அறியாதவரல்லர் உமர் (ரலி). சட்டத்தில் அவரைவிடக் கண்டிப்பானவரைக் காண்பது அரிது. குற்றவாளியைப் பார்த்த அதே கண்ணால் குற்றத்தின் வாயிலையும் பார்த்தார்கள் என்பதே சிறப்பு.

படத்தின் ஆசிரியர் வாயிலைப் பார்க்கவில்லை. தம்பியும் பார்க்கவில்லை. பசித்த சிறுவனையும் கடத்தற்காரனையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்த அந்த வீட்டிலிருந்து, ஐயம் நீங்கியவனாக அவன் வெளியேறுகிறான். ஐயம் நீங்கியது நன்மையன்று என்பதே என் கருத்து. சகோதரனை எதிர்த்து நடக்க வேண்டியவனுக்கு வழியெல்லாம் சிறிது ஐயம் இருக்க வேண்டும்.

அநீதியிழைப்பவனாயினும் அநீதிக்கு ஆளானவனாயினும் சகோதரனுக்கு உதவுமாறு நபிபெருமானார் (ஸல்) பணித்தார்கள். அநீதியிழைப்பவனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் வினவ, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். புகாரியில் உள்ள புகழ்பெற்ற நபிமொழி இது. தடுப்பது கடமை, அது உதவி என்ற பெயரால் செய்யப்பட வேண்டிய கடமை. இந்த இரண்டாவது பகுதிதான் ரவிக்குக் கற்பிக்கப்படவில்லை.

786

படத்தின் மற்றோர் உறுப்பு நம் வாசகருக்கு மிக நெருங்கியது. துறைமுகக் கூலியாக இருந்தபோது விஜய்க்குக் கிடைத்த பித்தளை வில்லையின் எண் 786. உடன் உழைக்கும் முதியவர் ரஹீம், அது பிஸ்மில்லாஹ்வின் எண் என்று விளக்கி, அதை எப்போதும் உடன்வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒருமுறை தோட்டா அவ்வில்லையில் பட்டு அவன் பிழைக்கிறான். இறுதியில் தப்பியோடும்போது அது கைநழுவி விழ, தம்பியின் தோட்டாவுக்கு இலக்காகிறான்.

எண்ணைப் பற்றி ஒரு சொல். அரபு எழுத்துகளுக்கு அப்ஜத் முறைப்படி எண்மதிப்பு உண்டு. அதன்படி ‘பிஸ்மி’ என்பதற்கு 102, ‘அல்லாஹ்’ என்பதற்கு 66, ‘அர்ரஹ்மான்’ என்பதற்கு 329, ‘அர்ரஹீம்’ என்பதற்கு 289, கூட்டினால் 786. கடிதத்தின் தலைப்பில் திருநாமத்தை எழுதினால் அது குப்பையில் விழுந்து மிதிபடுமே என்று அஞ்சி, எண்ணை எழுதும் வழக்கம் நம் நாட்டில் தோன்றியது. எண் நாமத்துக்கு ஈடாகாது என்று மறுக்கும் ஆலிம்கள் பலர். எவ்வாறாயினும் 786 ஒரு கணக்கு. அது காப்புத் தகடு ஆகாது. இப்படத்துக்குப்பின் பணத்தாளிலும் வண்டிப் பலகையிலும் அவ்வெண்ணைத் தேடும் மோகம் கூடியதேயொழிய, நாமத்தின் பொருளைத் தேடும் வேட்கை கூடியதாகத் தெரியவில்லை. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர்முகம்மது அப்பா அவர்கள், அதே பிஸ்மில்லாஹ்வை வைத்துப் ‘பிஸ்மிற்குறம்’ பாடினார்கள். குறவஞ்சிக்குப் பேர்போன குற்றாலத்தின் பக்கத்து ஊரிற் பிறந்தவர், குறம் என்னும் நாட்டுக் கலையுருவை எடுத்து அதற்குள் ஞானப்பொருளை வைத்தார். நம் முன்னோர் நாமத்துக்குள் பொருளைத் தேடினர். திரைப்படம் எண்ணுக்குள் பாதுகாப்பைத் தேடியது.

ஆயினும் நடுநிலையோடு நோக்கினால் அவ்வில்லைக்கு ஆழமான ஒரு பொருளும் கொள்ளலாம். விஜய் வாழ்நாளில் தேடிய பொருள்களுள் ஆகுமான உழைப்பின் அடையாளம் அவ்வொன்றே. மாளிகையும் மகிழுந்தும் வந்தபின்னும் கூலிக்காரனின் வில்லை அவன் பையில் இருந்தது. ஹராமான செயலைத் தொடங்குகையில் பிஸ்மில்லாஹ் சொல்லலாகாது என்பது பிக்ஹு அறிஞர் கூற்று. கடத்தற்காரன் பையில் அந்நாமத்தின் எண் இருப்பது ஒரு முரண், அம்முரண்தான் விஜய். ஆசிரியர்கள் இதைக் கருதித்தான் எழுதினார்களோ, அறியோம். ஆனால் இவ்வாறு கொண்டால் வில்லை நழுவும் காட்சி மூடநம்பிக்கையிலிருந்து மீண்டு இலக்கியமாகிறது.

பாலத்தின் கீழ்

இனி, எல்லார் நாவிலும் வழங்கும் காட்சிக்கு வருவோம். குழந்தைப் பருவத்தில் படுத்துறங்கிய அதே பாலத்தடியில் சகோதரர் இருவரும் இரவில் சந்திக்கின்றனர். அண்ணன் வந்த நோக்கம் தம்பியைக் காப்பது. தன் கூட்டத்தார் அவனைக் கொன்றுவிடுவர் என்று அஞ்சி, வேறூருக்கு மாற்றல் வாங்கிச் செல்லுமாறு கெஞ்சவே வந்தான். பேச்சு வளர்ந்து சினமாகிறது. தன் மாளிகை, வண்டி, வங்கிப் பணம் எல்லாவற்றையும் அடுக்கி, உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறான். தம்பி அமைதியாக, தன்னிடம் தாய் இருக்கிறாள் என்கிறான். அண்ணன் நாவடங்குகிறான். அரங்கு அதிர்கிறது. அரை நூற்றாண்டு கடந்தும் அக்கைதட்டல் ஓயவில்லை.

உரையாடற் கலையில் இதற்கு நிகர் குறைவு என்பதை மறுக்கவில்லை. பொருளையெல்லாம் ஒரே சொல் தூசாக்குகிறது. ஆனால் அச்சொல்லின் இலக்கணத்தைச் சற்று ஆராய வேண்டும். கேள்வி உடைமையைப் பற்றியது. விடையும் உடைமையைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது. மாளிகைப் பட்டியலுக்கு எதிரே தாய் ஓர் இனமாக வைக்கப்பட்டாள். தன்னிடம் இருக்கிறாள் என்றால் உன்னிடம் இல்லை என்பதே அதன் மறுபாதி. பெற்றவள் அங்கே ஒருவனுக்கு வெற்றியாகவும் மற்றவனுக்கு இழப்பாகவும் பங்கிடப்பட்டாள். படத்தின் பெயராகிய சுவர் எழுந்தது அந்தக் கணத்தில்தான். அச்சுவரின் கல்லாகத் தாயே வைக்கப்பட்டாள்.

இதற்கு எதிராகத் திருமறையில் ஒரு காட்சி இருக்கிறது. மூஸாவும் ஹாரூனும் (அலை) இயல்பால் வேறுபட்ட சகோதரர். முன்னவர் கடுமையும் வேகமும் உடையவர். பின்னவர் மென்மையும் சொல்வன்மையும் உடையவர். தூதுப்பணியில் தமக்குத் துணையாகத் தம் சகோதரரையே மூஸா (அலை) இறைவனிடம் கேட்டுப் பெற்றார். பின்னர் தூர் மலையிலிருந்து திரும்பியபோது, சமுதாயம் காளைக்கன்றை வணங்கக் கண்டு சினம் மேலிட்டுச் சகோதரரின் தலையையும் தாடியையும் பற்றி இழுத்தார். அல்அஃராஃப், தாஹா என்னும் இரு அத்தியாயங்களிலும் இந்நிகழ்ச்சி இடம்பெறுகிறது. அவ்வேளை ஹாரூன் (அலை) அவரைச் சகோதரா என்றோ மூஸா என்றோ விளிக்கவில்லை. தம் தாயின் மகன் என்னும் முறையிட்டே விளித்தார். பின்னரே தம் நிலையை விளக்கினார். இருவரும் ஒரே தந்தைக்கும் பிறந்தவர்கள் என்பதே பெரும்பாலான விரிவுரையாளர் கருத்து. அவ்வாறிருக்கத் தாயை மட்டும் சுட்டியது ஏன்? நெஞ்சில் இரக்கத்தைச் சுரக்கச் செய்வதற்காக என்று அவர்கள் விளக்குகின்றனர். அச்சொல் பலித்தது. அடுத்த வசனத்திலேயே மூஸா (அலை) தமக்கும் தம் சகோதரருக்கும் மன்னிப்பு வேண்டி இறைஞ்சுகிறார்.

இரு காட்சியிலும் தம்பி வாதாடுகிறான், அண்ணன் சினக்கிறான் என்று நம்மவர் எளிதில் ஒப்பிடக்கூடும். ஹாரூன் (அலை) வயதில் மூத்தவர் என்பதே அறிஞர் வழக்கு. ஆகவே அவ்வொப்புமை பொருந்தாது. ஒப்பிடத்தக்கது ஒன்றே. இரு காட்சியிலும் பகையின் உச்சியில் தாய் நினைக்கப்படுகிறாள். ஒன்றில் தாய் இருவருக்கும் பொதுவானவள். அதனால் பிடித்த கை தளர்கிறது. மற்றொன்றில் தாய் ஒருவனுக்கே உரியவள்; அதனால் பிடிக்க வந்த கை துப்பாக்கியில் முடிகிறது. பாலத்தடியில் தம்பி, என் தாயின் மகனே என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அரங்கில் கைதட்டல் எழுந்திராது. ஒருவேளை அண்ணன் அழுதிருப்பான்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் உரிய கதைகள்

மன்னிப்பில் முடியும் சகோதரப் பகைக்கு அந்நிய நாட்டுச் சான்று வேண்டாம். தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் நளன் கதையை ‘நைடதம்’ என்னும் காப்பியமாகப் பாடினார். அவர் குடியிற் பிறந்து அவரோடு சகோதர முறை கொண்ட வரதுங்கராம பாண்டியரும் ‘பிரமோத்தர காண்டம்’ பாடிய புலவரே. நளன் கதையின் மூலம் வியாச பாரதத்தில் உள்ளது. அங்கே நளனைச் சூதில் வென்று நாட்டைப் பறித்த புட்கரன், நளனுடன் பிறந்தவன். காடுகளில் அலைந்து துன்புற்றுத் திரும்பி, மீண்டும் ஆடி நாட்டை வென்ற நளன், புட்கரனைக் கொல்லவில்லை. அவனுக்குரிய பங்கை அவனுக்கே அளித்து, சகோதர வாஞ்சையோடு வழியனுப்புகிறான்.

தென்காசியை அடுத்த குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கம்பனை வாய்விட்டுப் படித்துச் சுவைக்கும் பழக்கத்தைத் தமிழருக்குப் பரப்பினார். அக்கம்பனின் வாலி வதைப் படலத்தை ‘மூன்று வினாக்கள்’ எனும் நூலால் நுணுகி ஆராய்ந்தவர் நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில். நீதிமன்றத்தில் அமர்ந்தவர் வாலியின் வழக்கை எடுத்துக்கொண்டது பொருத்தமே. கம்பனின் வாலி, தம்பியின் பொருட்டு எய்யப்பட்ட அம்பைத் தாங்கிக்கொண்டு சாகிறான். சாகும் நேரத்தில் இராமனிடம் அவன் கேட்கும் வரங்களுள் ஒன்று நம் நெஞ்சைப் பிழியும். அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பியர் என் தம்பியை இகழ்ந்தால் அதனைத் தடுக்க வேண்டும் என்கிறான். தன்னைச் சாகவைத்தவனின் மானத்தைச் சாகும்போது காத்தவன் அவன்.

யூசுஃப் நபியும் (அலை) அவ்வாறே. தம்மைக் கிணற்றில் எறிந்த சகோதரர் முன்னே நின்றபோது, இன்று உங்கள்மீது பழியில்லை என்னும் கருத்துப்பட மொழிந்தார். பின்னர்த் தந்தையிடம் இறையருளை எண்ணிப் பேசுமிடத்துச் சிறையிலிருந்து மீண்டதைக் கூறினார். கிணற்றிலிருந்து மீண்டதைக் கூறவில்லை. சகோதரர் நாணுவர் என்பதே காரணம் என விரிவுரையாளர் உரைக்கின்றனர். பகையை மூட்டியவன் ஷைத்தான் என்றாரேயன்றிச் சகோதரர்மேல் அதனைச் சுமத்தவில்லை. விஜய் தன் கையின் எழுத்தை மறக்கவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் வாழ்ந்தவன். யூசுஃப் (அலை) தம் கிணற்றை நாவிலும் கொண்டுவராதவர். பழியைச் சுமப்பவனுக்கும் பழியைக் கடந்தவருக்கும் உள்ள தொலைவு இது.

மூன்றாமவர்

படம் ஒரு பாராட்டு விழாவில் தொடங்குகிறது. வீரச் செயலுக்காகத் தம்பிக்கு விருது; அதனைத் தாய் பெறவேண்டும் என்று அவன் அழைக்கிறான். அவை கைதட்டுகிறது. தாயின் முகத்தில் மகிழ்ச்சியில்லை. ஒரு மகனைக் கொன்றதற்கு மற்றொரு மகனிடமிருந்து பரிசு பெறும் அம்முகத்தில் நிருபா ராய் காட்டிய வெறுமையே இப்படத்தின் மெய்யான தீர்ப்பு. பாலத்தடியில் தம்பி வென்றதாக எண்ணிய நாம், அம்முகத்தைக் கண்டபின் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். படைத்தவர்கள் அறிந்தேதான் அக்காட்சியை முதலில் வைத்தனர் என்பேன். நாம்தான் முடிவைவிட உரையாடலை மிகுதியாக நினைவில் வைத்துக்கொண்டோம்.

இக்கதையில் யார் இல்லை என்று கேட்டுப் பார்த்தால் விளக்கம் கிடைக்கும். முதலாளி இருக்கிறார், காவல்துறைத் தலைவர் இருக்கிறார், தீர்ப்புரைக்கும் ஆசிரியர் இருக்கிறார், எண்ணுக்குப் பொருள் சொல்லும் ரஹீம் இருக்கிறார். இருவரையும் ஒரே பாயில் அமர்த்தி, ஒருவன் சொல்லை மற்றவன் காதில் இடும் மூன்றாமவர் ஒருவரும் இல்லை. அப்பொறுப்புக்கு உரிய தாயும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டாள். நம்பிக்கையாளர் யாவரும் சகோதரரே என்று கூறும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் வசனம் அத்துடன் நிற்காமல், உங்கள் சகோதரர் இருவரிடையே இணக்கம் ஏற்படுத்துங்கள் என்னும் கட்டளையையும் சேர்த்தே விதிக்கிறது. அக்கட்டளை பகைத்த இருவரையும் நோக்கியதன்று. பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவரை நோக்கியது.

தென்காசியிலும் சுற்றூர்களிலும் ஒரே தலைவாசலோடு கட்டிய வீடுகள் இன்று இரண்டாகி நிற்பதைப் பார்க்கிறோம். முற்றத்தின் நடுவே ஒரு சுவர். திண்ணையின் நடுவே ஒரு சுவர். பாகம் பிரிப்பது குற்றமன்று. வாரிசுரிமைப் பங்குகளைத் திருமறையே எண்ணி வகுத்துத் தந்திருக்கிறது; செங்கற்சுவர் எழுப்பவும் தடையில்லை. ஆனால் பங்குக்குரிய பட்டியலில் தாய் இல்லை. மாதத்துக்கு ஒரு வீடு என்று தாயை முறைவைத்து அனுப்புவோர் ஒருபுறம். அம்மா என்னோடுதான் இருக்கிறாள் என்று அவளையே ஆயுதமாக்கி உடன்பிறந்தானை ஊரார் முன் தாழ்த்துவோர் மறுபுறம். பின்னவர்கள் தங்களை ரவியாகவே கருதிக்கொள்கின்றனர். படத்தின் புகழ்பெற்ற வசனம் அவர்கள் வாயில் வழங்குவதைக் கேட்டபின்புதான் இத்திறனாய்வை எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டது. ஜமாஅத் பெரியோர் முன் வழக்கு வரும்போதெல்லாம் சொத்தின் அளவை முதலில் கேட்கிறோம். அத்தாய் எந்தப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு எந்தப் பக்கத்துக் குழந்தையின் அழுகையைக் கேட்கிறாள் என்பதையும் கேட்டால் பாதி வழக்கு தீரும்.

‘தீவார்’ ஆற்றல் மிக்க படைப்பு. வறுமை ஒரு வீட்டை எவ்வாறு இரண்டாகப் பிளக்கிறது என்பதை அதுபோல் காட்டிய படங்கள் சிலவே. அதைப் பார்க்கும் இளைஞர் பார்க்கட்டும். பாலத்தடி வசனத்தோடு நின்றுவிடாமல், விருது வாங்கும் தாயின் முகத்தையும் பார்க்கட்டும். தங்கள் தெருவில் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பி இருவர் இருந்தால், அவர்களுள் எவன் ரவி, எவன் விஜய் என்று ஆராய்வதை விடுத்து, இருவரையும் அவர்கள் தாயின் பெயரைச் சொல்லி அழைக்கட்டும்.